தப்புக்கு வச்ச மைக்

வாடா பேராண்டி, வா. இஸ்தோப்புல சாக்கு விரிச்சிருக்கு, குந்து. கொழும்புல பஸ் ஏறி, அவிசாவளையில மாறி, எட்டியாந்தோட்டையில எறங்கி, அங்கருந்து திரீவீல்ல றப்பர் மலை ஏறி வந்திருக்க. முதுகுல ஒரு மூட்டை, கையில ரெண்டு பெட்டி. தோட்டத்தக் கணக்கெடுக்க எந்தத் தொரையோ வந்துட்டாருன்னு ஒங்க பாட்டி வெத்தலையத் துப்பிட்டு எந்திரிச்சு நின்னுட்டா.

பெட்டியில என்ன, மைக்கா? ஆறா? நம்ம டிவிசன்ல உருப்படியா இருக்குற தப்பே நாலுதானடா. தப்புக்கு ஒன்னு வச்சாலும் ரெண்டு மிச்சம். அத யாருக்கு மாட்டப் போற, எனக்கும் ஒங்க பாட்டிக்குமா? அவளுக்கு வேணாம். அவ தண்ணிப் பீலியில நின்னு பேசுனா பணிய லயத்துல இருக்குறவன் பதில் சொல்லுவான்.

அது என்ன சாம்பக் கலர்ல மயிரும் மட்டையுமா? காத்து தடுக்குறதா? நான் பூனைக்குட்டின்னுல்ல நெனச்சேன். அந்தா பாரு, ஒங்க அக்கா மக அதத் தூக்கிட்டுப் போயி சிரட்டையில பால் ஊத்திக்கிட்டு இருக்கா. விடு, புள்ள வெளையாடட்டும். மைக்குக்குச் சட்ட இல்லாட்டி என்ன, இங்க ஊரே சட்ட இல்லாம வளந்த ஊருதான்.

காமன் கூத்த பதிவு பண்ண வந்திருக்க. நல்ல காரியம். மாசி மாசத்துல ரதியும் மதனும் வேசம் கட்டி லயம் லயமா ஆடுறதும், கடைசி ராத்திரி சிவன் நெத்திக்கண்ணத் தொறந்து காமனச் சுடுறதும், நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறி வரும்போது மூட்டையோட கட்டிக்கிட்டு வந்தது. அத புடிச்சு வைக்கணும்னு ஒனக்குத் தோணுச்சே, நீ என் பேரன்தான். ஆனா மத்தியானம் நீ ஒத்திகைக்கு மைக் வச்ச லட்சணத்தப் பாத்தேன் பாரு, அப்பத்தான் ஒங்க அப்பன் வழிப் புத்தி கொஞ்சம் கலந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு.

எங்க வச்ச நீ? தப்போட விளிம்புக்கு நேரா, பக்கவாட்டுல, நாலு வெரக்கடைத் தூரத்துல. கேட்டா, அடிக்கிற ஆளோட மொகத்த மறைக்காம இருக்க அங்க வச்சேங்குற. நீ படம் புடிக்க வந்தியா, சத்தம் புடிக்க வந்தியா? பொறகு காதுல மாட்டிக் கேட்டுட்டு, "தாத்தா, உங்க தப்புல அடியே இல்ல, டக்கு டக்குன்னு பல்லி கத்துற மாதிரி இருக்கு"ன்னு சொன்ன. எந்தத் தப்புல அடி இல்ல? நான் அடிச்ச தப்புலயா, நீ செஞ்ச தப்புலயா?

கேளு. தவிலு, மத்தளம் எல்லாம் ரெண்டு பக்கமும் தோல் மூடுன சாமான். தப்பு அப்படி இல்ல. முன்னால தோலு, பின்னால திறப்பு. குச்சி விழுந்தா தோலு உள்ள போகும். அந்த நேரத்துல முன்னால இருக்குற காத்த இழுக்கும், பின்னால இருக்குற காத்தத் தள்ளும். இழுத்ததும் தள்ளுனதும் விளிம்பு வழியாச் சுத்தி வந்து பக்கவாட்டுல சந்திக்கும். சந்திச்சா என்ன ஆகும்? ரெண்டு பங்காளி வரப்புல சந்திச்ச மாதிரி, ஒன்ன ஒன்னு அடிச்சுக்கிட்டு ரெண்டும் இல்லாமப் போகும். கனத்த சத்தம் அங்க செத்துரும். குச்சி வாரைச் சுரண்டுற சத்தம் மட்டும் தப்பிச்சு ஒன் மைக்குல ஏறும். அதத்தான் நீ பல்லின்னு சொன்ன.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? நான் படிச்சது அஞ்சாங்கிளாசு. தப்பு அடிச்சது அறுவது வருசம். ஆளச் சுத்தி நடந்து பாத்தா கழுதைக்குக்கூடத் தெரியும். நேரா நின்னா நெஞ்சுல இடிக்கும், பின்னாலயும் இடிக்கும், பக்கத்துல நின்னா ஒண்ணுமிருக்காது. நீ நடந்தே பாக்கல. மூட்டைய அவுத்த, முக்காலிய நட்ட, போனப் பாத்த.

நான் முப்பத்தெட்டு வருசம் பால் வெட்டுனவன். மரத்துல எப்படி வெட்டணும்? இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ, சரிவா. பட்டைய மேலாப்புல சீவுனா பால் வராது. ஆழமாப் போனா கட்டையில காயம் பட்டு மரம் முண்டு முண்டா வீங்கும். கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு நிக்கணும் கத்தி. அதுக்கப்பறம் சிரட்டை. அத எங்க கட்டுவோம்? பால் எங்க ஒழுகுதோ அங்க. மரத்துக்கு எந்தப் பக்கம் அழகா இருக்குன்னு பாத்துக் கட்டுனவன அன்னைக்கே கங்காணி அர நாளுக்கு மட்டும் பேரு போட்டு அனுப்பியிருப்பாரு. ஒன் கையில இருக்குற மைக்கும் சிரட்டைதான்டா. வெல கூடுன சிரட்டை.

அதனால மொதல்ல மைக்க எறக்கி வை. ஒரு காத வெரலால பொத்திக்க. ஏன் ஒரு காதுன்னா, மனுசனுக்கு ரெண்டு காது, வேண்டாத சத்தத்தத் தள்ளிட்டு வேண்டியத எடுத்துக்கும். மைக்குக்கு ஒத்தக் காது, மூளையும் கெடையாது. ஒரு காத மூடிட்டு, குனிஞ்சு, நிமுந்து, தப்பச் சுத்தி வா. எங்க நிக்கும்போது "ஆங், இதுதான் எங்க தாத்தா தப்பு"ன்னு இருக்கோ, அந்த எடத்துல ஒன் தலைய எடுத்துட்டு மைக்க வை. ஆளுங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நீ பக்கவாட்டுல மைக் வச்சப்ப சிரிக்காம மரியாதையா இருந்தாங்க பாரு, அதுதான் ஆபத்து.

என் கணக்குச் சொல்றேன். தோலுக்கு முன்னால ரெண்டு அடி, ரெண்டரை அடி. நட்ட நடுவுக்கு நேரா வேணாம், கொஞ்சம் ஒதுங்கி, சாய்ச்சு. வலது கையில தடிச்ச குச்சி இருக்கும், இடது கையில மெல்லிசா நீளமா மூங்கிச் சிம்பு இருக்கும். சிம்பு பக்கம் போனா சடசடன்னு தூக்கலா வரும், தடிக்குச்சி பக்கம் வந்தா அடி கனக்கும். ஒரு சாண் நகத்துனாலே தப்பு மாறும். பொத்தானத் திருகித் திருகி அத சரி பண்ணலாம்னு நெனைக்காத. கறிக்கு உப்புப் போட மறந்துட்டு எலையில தொட்டுக்கிற கதை அது.

ரொம்பக் கிட்டப் போகாத. ஒரு பக்கமாக் கேக்குற இந்த மைக்குகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கிட்ட வச்சா கனத்த சத்தம் வீங்கும். ரேடியோ அறிவிப்பாளருங்க மைக்க முத்தம் குடுக்குற மாதிரி நின்னு பேசுறது அதுக்குத்தான், நோஞ்சானுக்கும் சிங்கக் குரல் வந்துரும். தப்புக்கு அந்த வீக்கம் வேணாம், அதுக்குச் சொந்தக் குரல் இருக்கு. தூரமும் போகாத. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் ஆறு டெசிபல் எறங்கும். அப்பறம் தப்பு எறங்கி, பக்கத்து லயத்துல நாய் கொலைக்கிறது ஏறிக்கும்.

இன்னொன்னு. மத்தியானம் நீ சத்த அளவு பாத்துட்டு, எல்லாம் சரின்னு கட்டவெரலத் தூக்குனியே, அப்ப தப்பு காயவே இல்லடா! இது கேகாலைப் பக்கம். பஞ்சாங்கத்துல வெயிலுன்னு போட்டிருந்தாலும் சாயங்காலம் வானம் ஒடையும். ஈரம் பட்டா தோலு தொவண்டு போகும், அடிச்சா கோணிச் சாக்க அடிச்ச மாதிரி இருக்கும். ராத்திரி வைக்கோலோ காயிதமோ கொளுத்தி, அந்த அனல்ல காட்டித் தோல விறைக்க வச்சுட்டுத்தான் அடிப்போம். காய்ஞ்ச தப்பு வேற சாதி. சுருதி ஏறும், சத்தம் ரெண்டாள் பலத்துக்கு வரும். தொவண்ட தப்புக்கு அளவு வச்சுட்டுக் காய்ஞ்ச தப்ப பதிவு பண்ணுனா ஒன் மிசின்ல சிவப்பு வெளக்கு எரிஞ்சு எல்லாம் கிழிஞ்சு போகும். காச்சுன பொறகு அளவு பாரு, அதுலயும் மேல கொஞ்சம் எடம் விட்டு வை. ஒரு மணி நேரத்துல திரும்ப தொவளும், திரும்ப காச்சுவோம். ஒவ்வொரு தடவையும் ஒன் கை அந்தத் திருகு மேல இருக்கணும், மொறுக்குத் தட்டுல இல்ல.

தப்புக்கு மைக் வைக்கிறது பத்தி ஒனக்கு யாரும் சொல்லித் தரலேன்னு சொன்ன. எப்படித் தருவான்? யாரும் வச்சதில்லையே. நானும் கொஞ்ச நாளு ஸ்பீக்கர் செட் தூக்குனவன். தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்லருந்து மேளக்காரங்கள அழைச்சு, பந்தல்ல சமக்காளம் விரிச்சு, அவங்களுக்கு மைக் வைப்போம். தப்புக்காரங்கள வெளிய மரத்தடியில நிறுத்துவாங்க. "அதுக்கெதுக்கு மைக்கு, அது சத்தந்தானே"ம்பாங்க. அந்தத் தப்புதான் விடியக்காலம் வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்கு ஊர எழுப்புனது. புள்ள பொறந்தாலும் அடிச்சது, செத்தாலும் அடிச்சது. மைக்கு இல்லாமலே எதிர் மலைக்குக் கேட்டுச்சு. நான் சின்னப் பயலா இருந்தப்ப எதிர் மலைத் தப்பப் பாத்துக்கிட்டே இருப்பேன். குச்சி எறங்கிரும், சத்தம் பொறகுதான் வரும். ஒரு செக்கனுக்கு 340 மீட்டர் நடக்குதாம் சத்தம். வாத்தியார் அதக் கரும்பலகையில எழுதுனப்ப, இத நான் ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னே பாத்திருக்கேனேன்னு சொல்லி அடி வாங்குனேன்.

நாதசுரத்துக்கு மைக் வைச்ச கதையும் கேளு. எனக்கு அப்ப இருவது வயசு, எல்லாம் தெரிஞ்ச வயசு. ஒன் வயசுன்னு வச்சுக்கயேன். நாயனத்துக்கு வாய் கீழதான இருக்குன்னு, மைக்கத் தூக்கி அணசுக்குள்ளயே சொருகிட்டேன். ஏழு வெரல் தொளையையும் மூடி ஊதுற ஒத்தச் சுரம் மட்டும் காளைமாடு கத்துற மாதிரி வந்துச்சு. மத்தச் சுரமெல்லாம் எங்கயோ கெணத்துக்குள்ள. ஏன்னா வெரல எடுத்த தொளை வழியாத்தான் காத்தும் சத்தமும் பெரும்பாலும் வெளிய பாயுது, அணசு வரைக்கும் போறதே கொறச்சல். வாசிச்ச பெரியவர் ஒரு வார்த்தை திட்டல. ராகத்த நிறுத்தாமலே காலால மைக் கம்பத்த ரெண்டு அடி தள்ளி வச்சாரு, வெரலுக்கு நேரா. எனக்கு இன்ஜினியர் பட்டம் அந்தக் காலுலதான் கெடச்சுச்சு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரி நாயனத்துல வாசிச்ச தோடிய ரேடியோவுல கேக்கும்போதெல்லாம், அங்க மைக் வச்ச மனுசன் எங்க நின்னிருப்பான்னு யோசிப்பேன். அந்த மகான் 1956-ல போய்ட்டாரு. மைக் வச்சவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒனக்கும் அதே கதிதான், இப்பவே சொல்லிட்டேன்.

புல்லாங்குழலுன்னா வாய்க்கு நேரா வைக்காத, காத்துத்தான் விழும். ஃபிடிலுன்னா மேல ஓரடி ஒன்றரை அடி ஒசரத்துலருந்து. அவ்வளவுதான், இங்க அதெல்லாம் யாரு வாசிக்கிறா.

மைக்கே இல்லாத காலம் ஒன்னு இருந்துச்சு. 1902-ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் பாட்ட கெய்ஸ்பெர்க்குங்குற வெள்ளக்காரன் பதிவு பண்ணுனப்ப, ஊமத்தம் பூ மாதிரி பெரிய தகரக் கொழாதான் இருந்துச்சு. பாட்டோட பலத்துலயே ஊசி அசைஞ்சு மெழுகுல கோடு போடும். கொழாயத் திருக முடியாது, சத்தத்தக் கூட்ட முடியாது. என்ன செஞ்சான்? ஆள நகத்துனான். சத்தம் கூடுனவன் பின்னால போவான், மெல்லிசா பாடுறவன் கொழாக்குள்ள தலைய விடுவான். ஃபிடில் சத்தம் பத்தலன்னு அதுக்கே ஒரு தகரக் கொழா வச்சு வேற ஃபிடிலே செஞ்சுட்டாங்க. மின்சாரத்துல மைக் வச்சு இசைத்தட்டு எடுக்குறது 1925-லதான் கடைக்கு வந்துச்சு. அதே வருசம் டிசம்பர் 16-ந் தேதி கொழும்புல எட்வர்ட் ஹார்ப்பர் ரேடியோ ஆரம்பிச்சாரு. ஆகக்கூடி, பொத்தான் வந்து நூறு வருசந்தான். அதுக்கு முன்னால எல்லாத்தையும் காலாலதான் செஞ்சானுங்க. நீ கால மடக்கிப் போட்டுக்கிட்டு பொத்தான அமுக்குற.

எங்க போற? தேத்தண்ணி வருது, ஒக்காரு. முக்கியமான சமாச்சாரம் இனித்தான்.

நாளைக்குக் கூத்துக்குப் பக்கத்துக் கிராமத்துலருந்து நம்ம சிங்கள மாமா தவுல எடுத்துட்டு வாறாரு. பெரஹெரவுல பாத்திருப்ப, சப்ரகமுவ ஆட்டத்துக்கு அதுதான் உசிரு. ஒரு பக்கம் கோலு, மறு பக்கம் கை. நீ என்ன செய்வ, ரெண்டு பக்கமும் ரெண்டு மைக் வைப்ப. சந்தோசம். ரெண்டையும் சேத்துக் கேட்டா, ஒத்த மைக்க விட மோசமா, வயிறு ஒட்டுன சத்தம் வரும். அவர் மொகத்தப் பாத்து, மாமா இன்னும் பலமா அடிங்கன்னு சொல்லிராத, மனுசன் கோலால ஒன்னைய அடிப்பாரு. ரெண்டு பேரு மரம் அறுக்குற ரம்பம் இருக்குல்ல, ஒருத்தன் இழுத்தா மத்தவன் விடணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுத்தா ரம்பம் நிக்கும். தவுல்ல ஒரு தோலு உள்ள போகும்போது மறு தோலு வெளிய தள்ளும். ஒரு மைக் இழுப்பக் கேக்கும், மறு மைக் தள்ளலக் கேக்கும். கூட்டுனா ரம்பம் நின்னுரும். ஒன் மிசின்ல வட்டத்துல குறுக்குக் கோடு போட்ட பொத்தான் ஒன்னு இருக்குமே, அதத் தட்டி ஒரு மைக்கத் தலைகீழாக் கேக்க வை. போன வயிறு திரும்ப வந்துரும். தவிலுக்கும் அதே கதைதான்.

ஆறு மைக்கையும் ஒன்னா வைக்கணும்னு ஆசையா இருந்தா மூணுக்கு ஒன்னுங்குற கணக்க மறக்காத. வாத்தியத்துலருந்து மைக் ஓரடின்னா அடுத்த மைக் மூணடி தள்ளி. கிட்டக் கிட்ட வச்சா ஒரே அடிய ரெண்டும் முன்ன பின்ன கேட்டு, சத்தத்துல பல்லு பல்லா ஓட்ட விழும். இங்கிலீசுலயும் அதுக்குச் சீப்புன்னே பேராம். பேன் எடுக்கத்தான் அது ஒதவும்.

ஆனா என்னக் கேட்டா, கூத்துக்கு ஆறு வேணாம். தப்புக்காரன் ஒரு எடத்துல நிப்பானா? நாலு பேரும் குனிஞ்சு நிமுந்து, சுத்தி ஆடிக்கிட்டே அடிப்பாங்க. ஒவ்வொருத்தன் பின்னாலயும் கம்பத்தத் தூக்கிட்டு ஓடுனா, காமன விட்டுட்டு ஒன்னையத்தான் சனம் பாக்கும். ரெண்டே மைக்க எடு. பிரெஞ்சு ரேடியோக்காரன் ஒரு வழி வச்சிருக்கான், ரெண்டுக்கும் நடுவுல 17 சென்டிமீட்டர், 110 பாகைக்கு விரிச்சு. மனுசத் தலையோட அகலந்தான் ஏறக்குறைய. வட்டத்துக்கு வெளிய, சனம் நிக்குற எடத்துல, தலைக்கு மேல ஒசத்தி வை. தப்பு இடமும் வலமும் சுத்துறது, ரதி அழுகுறது, கெழவிங்க மூக்கச் சிந்துறது எல்லாம் அது அது இருந்த எடத்துலயே வந்து நிக்கும். 1966-ல வந்த அந்தத் தடிமாடு மாதிரி ஷூர் மைக்க, 58-ஐ, ரதி மதன் பாட்டுக்குக் குடு. கீழ விழுந்தாலும் எந்திரிச்சுக்கும். மெலிஞ்ச மைக்குக்கு 48 வோல்ட் வேணுமே, பேட்டரி எத்தன கொண்டாந்த?

மைக்குக்கு மூஞ்சி எங்க பாக்குதுங்கிறது பாதி, முதுகு எங்க பாக்குதுங்கிறது மீதி. ஒரு பக்கமாக் கேக்குற மைக் முதுகுப் பக்கம் செவிடு. கோயிலுக்குப் பின்னால வெளக்குக்கு ஜெனரேட்டர் வச்சிருப்பானுங்க, அது ராத்திரி பூரா இருமும். மைக்கோட முதுக அதுக்குக் காட்டு. மாமியாரும் மருமகளும் அப்படித்தான் ஒரே காம்பராவுல முப்பது வருசம் ஒத்துமையா இருக்காங்க.

ஒரு தடவைதான் காமன் எரியும். திரும்ப எரியச் சொல்ல முடியாது. நம்ம கித்துல்கலையில, களனி ஆத்துல, வெள்ளக்காரன் மரப்பாலம் கட்டிப் படம் எடுத்தானே, குவாய் ஆத்துப் பாலம், 1957-ல வெளிவந்தது. பாலத்த ரயிலோட சேத்து வெடிக்க வைக்கணும். ரயிலு கெளம்பிருச்சு. கேமராக்காரர் ஒருத்தரு வெடிக்கு ஒதுங்குனதுக்குச் சைகை வரல. வெடிய நிறுத்திட்டாங்க. ரயிலு பாட்டுக்குப் பாலத்தத் தாண்டி அந்தப் பக்கம் ஜெனரேட்டர்ல போய் மோதுச்சு. அதத் தூக்கி நிறுத்தி மறுநாள் காலையில வெடிச்சானுங்க. டேவிட் லீனுக்கு மறுநாள் கெடச்சுது. ஒனக்கு மறு மாசிதான். அப்ப நான் இருப்பனோ இல்லியோ. பாவமாப் பாக்காத, நான் இருப்பேன். ஒன் மிசின்தான் இருக்காது.

சரி, தேத்தண்ணி ஆறுது குடி. ஏன்டா சிரிக்குற? அந்தச் செவப்பு வெளக்கு எதுக்கு எரியுது? நான் பேசுறதயா எடுத்துக்கிட்டு இருந்த? எப்பருந்து? பாட்டி வெத்தலையத் துப்புனதுலருந்தா!

மைக் எங்க? அடப் படுபாவி, டம்ளருக்குப் பின்னால, என் வாய்க்கு நேரா, ஒரு சாண் தூரத்துல! பூனைத் தோலும் இல்லாம! நான் எத்தன வாட்டி தப்பு தப்புன்னு சொன்னேன்? அத்தன வாட்டியும் வாய்க்காத்து நேரா அதுல போய் மோதி, பொப்பு பொப்புன்னு டயர் வெடிச்ச மாதிரில்ல இருக்கும்? ஓரமாத் தள்ளி, சாய்ச்சு வைக்கத் தெரியாதா ஒனக்கு? அழி அத.

சரி, அழிக்காத. இங்க குடு, மொதல்ல போட்டுக் காட்டு.